பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுங்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கனந்தலில் சித்திரை மாத மதியத்தில் கான்கிரீட் கூரை போட்ட அறை அனலாகக் கொதிக்கும். அந்த அறையில் ஏழெட்டு வயதான கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர் ஓடினால் என்ன நடக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஃபேன் இரைச்சல் பக்கத்து அறைவரை கேட்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடிய கேம் திடீரென்று திணறும். கல்யாண வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது முக்கால்வாசியில் திரை கறுத்துவிடும். “கார்டு போயிடுச்சு, புதுசு வாங்குங்க” என்ற யோசனை அடுத்த நாளே வந்து சேரும்.

பெரும்பாலும் கார்டு போயிருக்காது. சூடு தாங்காமல் தவித்துக்கொண்டிருக்கும். அதன் இரண்டு அளவுகளை நாமே மாற்றலாம்: சிப்புக்குக் கொடுக்கும் வோல்டேஜ் ஒன்று, சிப் ஓடும் கிளாக் வேகம் மற்றொன்று. இதற்குக் காசு செலவில்லை, ஒரு மாலை நேரமும் பொறுமையும் போதும். எதை மாற்றுவது, ஏன் மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கீழே பார்ப்போம்.

எந்தக் கார்டுகளைப் பற்றிய பேச்சு இது

நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் இன்றும் உழைப்பவை பெரும்பாலும் 2016, 2017ஆம் ஆண்டுகளில் வந்த கார்டுகள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) 2016 ஜூலையில் வந்தது. அதன் அடிப்படை வேகம் 1506 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் வேகம் 1708 மெகாஹெர்ட்ஸ், மின்திறன் 120 வாட். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வெறும் 75 வாட்டில் ஓடுவது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 2017 ஏப்ரலில் வந்தது. 1340 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், 185 வாட் கேட்கும்.

இவற்றில் பல சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்தவை, அல்லது கைமாறி வந்தவை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் ஓடிய சுரங்கக் கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய பொருள் சந்தையில் வந்து விழுந்தன. நீங்கள் மலிவாக வாங்கிய ஆர்எக்ஸ் 580க்கு அப்படி ஒரு முன்கதை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இந்தக் கார்டுகளை உருவாக்கிய நிறுவனங்களும் அவற்றை ஓய்வுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. 2023 நவம்பரில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 400, 500 வரிசைக் கார்டுகளைத் தனி டிரைவர் தொகுப்புக்கு மாற்றியது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே இந்தக் கார்டை இன்னும் வேகமாக்குவது எப்படி என்று யோசிப்பதில் பெரிய பயன் இல்லை. இன்னும் சில ஆண்டு சுகமாக ஓட வைப்பது எப்படி என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வீட்டு வோல்டேஜ் வேறு, சிப் வோல்டேஜ் வேறு

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் வோல்டேஜ் பிரச்சினை என்றால் சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் ஏறி இறங்குவதைத்தான் சொல்கிறோம். வயல்களில் பம்புசெட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பல்பு மங்குவது அதனால்தான். நாம் இங்கே தொடப்போவது அதை அல்ல.

சுவரில் வரும் 230 வோல்ட்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றுகிறது. கார்டின் மேலேயே இருக்கும் சிறு மின்சுற்றுகள் அந்த 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்கிச் சிப்புக்குக் கொடுக்கின்றன. சிப் மட்டும் 80 வாட் எடுக்கிறது என்றால், 1 வோல்ட்டில் அதற்குள் பாய்வது 80 ஆம்பியர். நம் வீட்டுச் சின்ன பிளக் தாங்குவது 6 ஆம்பியர்தான். நகத்தளவு சிலிக்கான் துண்டு அவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கிறது. அந்த 1 வோல்ட்டைத்தான் 0.95 ஆகவோ 0.90 ஆகவோ குறைக்கப்போகிறோம்.

வீட்டு மின்சாரம் இதற்குச் சம்பந்தமே இல்லாதது என்றும் சொல்ல முடியாது. கேபினெட்டோடு இலவசமாக வந்த மலிவு எஸ்எம்பிஎஸ், வெளியே மின்சாரம் தாழும்போது 12 வோல்ட்டைச் சீராகத் தராது. அப்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து மறுபடி எழும். பழியைக் கார்டு சுமக்கும். கார்டு குறைவாக மின்சாரம் கேட்டால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். யூபிஎஸ் கதையும் இதேதான். 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ்கள் பலவும் தாங்குவது 360 வாட் வரைதான். கரண்ட் போன நொடியில் கார்டு 185 வாட் இழுத்துக்கொண்டிருப்பதற்கும் 140 வாட் இழுத்துக்கொண்டிருப்பதற்கும், நீங்கள் செய்த வேலையைச் சேமிக்க முடிவதா முடியாததா என்ற அளவுக்கு வித்தியாசம் உண்டு.

கொஞ்சம் குறைத்தால் எப்படி நிறையக் குறைகிறது

சிப் செலவழிக்கும் மின்திறனுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அது கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். அதாவது வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் செலவும் பத்து சதவீதம்தான் குறையும். வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் செலவு பத்தொன்பது சதவீதம் குறையும்.

ஆர்எக்ஸ் 580ஐ எடுத்துக்கொள்வோம். 1.15 வோல்ட்டில் 1340 மெகாஹெர்ட்ஸ் ஓடும் சிப்பை 1.05 வோல்ட்டுக்கும் 1250 மெகாஹெர்ட்ஸுக்கும் இறக்கினால், வேகத்தில் இழப்பது 7 சதவீதம். சிப்பின் மின்செலவோ சுமார் 22 சதவீதம் குறைகிறது. ஜிடிஎக்ஸ் 1060இல் 1.05 வோல்ட், 1900 மெகாஹெர்ட்ஸ் என்பதை 0.90 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்ற முடிந்தால் 5 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 30 சதவீத மின்செலவை மிச்சம் பிடிக்கலாம். இது சிப்புக்கு மட்டுமான கணக்கு. கார்டில் இருக்கும் மெமரியும் ஃபேனும் தங்கள் பங்கை எப்போதும்போல் எடுக்கும். செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் அறையில் குறையும் சூடு.

நிறுவனமே ஏன் குறைத்து வைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. ஒரே அச்சில் வார்த்தாலும் எல்லாச் சிப்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றுக்கு 0.92 வோல்ட் போதும், சிலவற்றுக்கு 1.05 வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுக்க நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. பள்ளிக்கூடத்தில் தரும் இலவசச் சீருடையைப்போல், யாருக்கும் சிறிதாகிவிடக் கூடாது என்று கொஞ்சம் தொளதொளவென்றே தைத்து அனுப்புகிறார்கள். நாம் செய்வது நம் பிள்ளைக்கு ஏற்றபடி பிடித்துத் தைப்பது மட்டுமே.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1000 வரிசைக் கார்டுகள் சூடு ஏற ஏறத் தாங்களே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்பவை. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ். 83 டிகிரியைத் தொட்டால் அதைத் தாண்டாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இந்தக் கார்டுகளுக்கு வந்த மதிப்புரைகளெல்லாம் பெரும்பாலும் இருபத்து சொச்சம் டிகிரி இருந்த அறைகளில் எழுதப்பட்டவை. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருப்பவருக்கு மலைக்காற்று கைகொடுக்கும். அடிவாரத்தில் இருப்பவருக்கு அது கிடைக்காது. சித்திரையில் இங்கே ஓடும் கார்டு, பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை எட்டாமல் திணறுவது இதனால்தான். வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் வேகம் விழாது. காகிதத்தில் இழந்த 5 சதவீதத்தைக் கோடைக்காலத்தில் கார்டே திருப்பிக் கொடுத்துவிடும்.

வயதாகும்போது சிப்புக்குள் நடப்பது

சிப்பும் தேய்கிறது. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் பல ஆண்டு சூட்டிலும் மின் அழுத்தத்திலும் இருந்து இருந்து மெதுவாகச் சோம்பலாகின்றன. அதே வேகத்தில் ஓட முன்னைவிடக் கொஞ்சம் அதிக வோல்டேஜ் கேட்கின்றன. அவற்றை இணைக்கும் உலோக இழைகளில் பாயும் மின்னோட்டம், உலோக அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடுகிறது. மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1969இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மின்னோட்டம் அடர்த்தியாக அடர்த்தியாகவும், சூடு ஏற ஏறவும் இழையின் ஆயுள் வேகமாகக் குறுகும் என்பது அதன் சாரம்.

சிப்பைப் பலகையோடு இணைக்கும் ஈயப் புள்ளிகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மீண்டும் விரிந்து, ஒரு நாள் விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியா தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்புகளில் சிப்பையும் அதன் அடித்தளத்தையும் ஒட்டும் பொருள்கள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, வயதான கார்டில் நமக்கு இரண்டு வழி இருக்கிறது. கார்டு நிலையாக ஓடுகிறது, சூடு மட்டும்தான் சிக்கல் என்றால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். சூடு அதிகமில்லாமலே அடிக்கடி விழுகிறது என்றால், சிப்பால் பழைய வேகத்தைப் பழைய வோல்டேஜில் பிடிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பார்க்க வேண்டும். பல கார்டுகள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர், அப்புறம் மவுஸ்

தூசி அடைத்த கார்டில் வோல்டேஜைக் குறைப்பது வீண் வேலை. கரும்பு லாரிகள் போகும் சாலையோரத்து வீடு என்றால் ஹீட்சிங்க் இடுக்கில் புழுதி மெத்தைபோல் படிந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, மென்மையான தூரிகையும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுமீறிச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

ஐந்து வருடத்துக்கு மேலான கார்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருக்கும். ஹீட்சிங்க்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவலாம். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் ரப்பர் போன்ற தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமன் உள்ளதைத்தான் போட வேண்டும். தடிமன் கூடிவிட்டால் ஹீட்சிங்க் சிப்பைச் சரியாகத் தொடாது, முன்னைவிடச் சூடாகும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சியில் நம்பகமான சர்வீஸ் கடையில் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது அடையாளச் சோதனை. டெக்பவர்அப் தரும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கார்டின் ஜாதகமே தெரியும். பழைய கார்டு ஒன்றை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்றிருந்தால் அதைப் போலி என்று இது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று வாங்கியதில் 2304 செயலிகளுக்குப் பதில் 2048 மட்டுமே இருந்தால், அது 2018இல் சீனச் சந்தைக்கு வந்த இளைத்த வகை. சுரங்கத்தில் ஓடிய கார்டுகளில், கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையே மாற்றி மெமரியை முறுக்கிவிட்டிருப்பார்கள். அப்படியானால் முதலில் அந்த மாடலின் அசல் பயாஸைத் திரும்ப ஏற்ற வேண்டும். சஃபையர் நைட்ரோ பிளஸ் போன்ற சில கார்டுகளில் இரண்டு பயாஸும் அவற்றுக்கு இடையே மாற்ற ஒரு சுவிட்சும் இருக்கும்; அங்கே வேலை சுலபம்.

குறைக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

யூனிஜின் ஹெவன் போன்ற இலவசச் சோதனை மென்பொருளையோ, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமையோ அரை மணி நேரம் ஓட விட்டு, சிப்பின் சூடு, கிளாக் வேகம், வோல்டேஜ், ஃபேன் வேகம், ஒரு நொடிக்கு வரும் பிரேம்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் அளவு இல்லாமல் மாற்றினால் பலன் கிடைத்ததா என்பதே தெரியாது. ஃபர்மார்க் என்ற சோதனையை மட்டும் பழைய கார்டில் நெடுநேரம் ஓட விடாதீர்கள். எந்தக் கேமும் கொடுக்காத சுமையை அது கொடுக்கும். தளர்ந்த மின்சுற்று அதிலேயே உயிரை விடலாம்.

சுலபமான இரண்டு படிகள்

முதல் படி பிரேம்களுக்கு வரம்பு வைப்பது. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 110 பிரேம் வரைந்து தள்ளினாலும் முழுதாகக் கண்ணில் படுவது 60தான். என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ ஏஎம்டி அட்ரினலினிலோ 60 என்று வரம்பு போட்டுவிட்டால், லேசான கேம்களில் கார்டின் சுமை பாதியாகக்கூட இறங்கும்.

இரண்டாவது படி பவர் லிமிட். அலெக்சி நிகோலாய்சுக் உருவாக்கிய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் எல்லா நிறுவனக் கார்டிலும் வேலை செய்யும், இலவசம். அதில் பவர் லிமிட் என்ற கோட்டை 100இலிருந்து 80க்கு இறக்கினால் போதும். கார்டு அந்த மின் அளவுக்குள் தன் வேகத்தையும் வோல்டேஜையும் தானே சரிசெய்துகொள்ளும். இந்த முறையில் கார்டு நிலைகுலைய வழியே இல்லை என்பதால் புதியவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நட்டமில்லை. லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கும் என்விடியா டிரைவரோடு வரும் கருவியிலேயே பவர் லிமிட்டை மாற்றும் வசதி உண்டு.

என்விடியா கார்டில் வளைகோடு

2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1000 வரிசையிலிருந்து, எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்பதை ஒவ்வொரு புள்ளியாக மாற்ற என்விடியா இடம் கொடுத்தது. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த வளைகோடு திறக்கும். கீழ் அச்சில் மில்லிவோல்ட், பக்க அச்சில் மெகாஹெர்ட்ஸ்.

முதலில் கோர் கிளாக் கோட்டை 200 அளவுக்குக் குறைத்து வளைகோட்டை மொத்தமாகக் கீழே இறக்குங்கள். பிறகு 950 மில்லிவோல்ட்டில் இருக்கும் புள்ளியை மட்டும் பிடித்து, ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை மேலே இழுத்து, அப்ளை பொத்தானை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் கோடு தட்டையாகிவிடும். இனி கார்டு 950 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போகாது. ஒரு மணி நேரம் சோதியுங்கள். நிலையாக இருந்தால் அடுத்து 925, அதற்கடுத்து 900 என்று இறங்குங்கள். எங்கே முதலில் விழுகிறதோ, அங்கிருந்து 25 மில்லிவோல்ட் மேலே வந்து நின்றுகொள்ளுங்கள். வயதான கார்டில் இந்த இடைவெளி அவசியம். இன்று சரியாக நிற்கும் விளிம்பு, அடுத்த கோடையில் நிற்காது.

ஏஎம்டி கார்டில் ஒரு பொறி

ஆர்எக்ஸ் 470 முதல் 580 வரையான கார்டுகளுக்கு அட்ரினலின் மென்பொருளின் டியூனிங் பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது. வேகத்துக்குப் பல நிலைகள் காட்டும். கடைசி நிலையின் வோல்டேஜ் பல கார்டுகளில் 1150 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதை 25, 25 ஆகக் குறைத்து 1100, 1075, 1050 என்று இறங்கிச் சோதிக்க வேண்டும். அதோடு வேகத்தையும் 1340இலிருந்து 1250, 1280 அளவுக்கு இறக்கினால் பாதை இன்னும் எளிது.

பலர் தடுக்கி விழும் இடம் மெமரி வோல்டேஜ் என்று எழுதியிருக்கும் கட்டம். இந்த வரிசைக் கார்டுகளில் அது மெமரிக்குப் போகும் வோல்டேஜ் அல்ல. சிப்பின் வோல்டேஜுக்கான கீழ் எல்லைபோல் வேலை செய்கிறது. மேலே 950 என்று போட்டாலும், இந்தக் கட்டத்தில் 1000 என்று இருந்தால் சிப் 1000க்குக் கீழே இறங்காது. குறைத்தும் சூடு குறையவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

விழுந்தால் எதைச் சொல்கிறது

கேம் நின்று, திரை ஒரு கணம் கறுத்து, டிரைவர் மீண்டெழுந்தது என்ற செய்தி வந்தால் சிப்புக்கு வோல்டேஜ் போதவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு இது பதிவாகியிருக்கும். 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள், அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள்.

திரையில் வண்ணப் புள்ளிகளும் சதுரங்களும் சிதறினால் பெரும்பாலும் மெமரிதான் காரணம். மெமரி வேகத்தை 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்டுகளில் மெமரியின் சூட்டைக் காட்டும் அளவி இல்லை என்பதால், சிப் 65 டிகிரியில் இருந்தாலும் மெமரி வெந்துகொண்டிருக்கலாம்.

எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கம்ப்யூட்டரே அணைந்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

சோதனையை இரவு நேரக் குளிர்ச்சியில் மட்டும் செய்து திருப்திப்பட்டுவிட வேண்டாம். மதியம் ஒரு முறை, பம்புசெட்டுகள் ஓடி மின்சாரம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை என்று பாருங்கள். இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகுதான், கம்ப்யூட்டர் திறக்கும்போதே இந்த அளவுகள் தானாக அமலாகும்படி வைக்க வேண்டும். அதுவரை, எது தப்பாகப் போனாலும் ஒரு முறை அணைத்துப் போட்டால் கார்டு பழைய அளவுக்கே திரும்பிவிடும். தானாக அமலாக்கிய பிறகு சிக்கினால், சேஃப் மோடில் போய் மென்பொருளை நீக்கிவிடலாம். வோல்டேஜைக் குறைப்பதால் கார்டு எரிந்துபோகாது. அதிகபட்ச நட்டம், சேமிக்காமல் விட்ட வேலை.

வேகத்தைக் கூட்டலாமா?

புதுக் கார்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். எட்டு வருடக் கார்டில் வேண்டாம். வோல்டேஜைக் கூட்டினால் செலவு வர்க்கத்தில் ஏறும். கிடைக்கும் வேகம் நாலைந்து பிரேம்தான்.

மின் வரம்பை மீறுவது கார்டோடு நிற்பதும் இல்லை. 2016 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 480, மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து எடுக்க வேண்டிய 75 வாட்டுக்கும் கூடுதலாக எடுக்கிறது என்று சோதனையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே 16.7.1 என்ற டிரைவரை வெளியிட்டு ஏஎம்டி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. புதுக் கார்டுக்கே இந்த நிலை என்றால், பழைய மதர்போர்டில் பழைய கார்டை முறுக்குவதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

மெமரி வேகத்தைக் கூட்டுவதிலும் ஓர் ஏமாற்று உண்டு. ஜிடிடிஆர் 5 மெமரி, போக்குவரத்தில் பிழை வந்தால் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பச் செய்யும். ஆகவே எல்லை தாண்டினாலும் உடனே விழாது; பிழைகளைத் திருத்தித் திருத்தி மெதுவாகும். எண் ஏறியிருக்கும், வேகம் இறங்கியிருக்கும்.

வீடியோ வெட்டும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்றவற்றில் வீடியோவைச் சுருக்கிப் பதிவதற்குச் சிப்புக்குள் தனிப் பகுதியே இருக்கிறது. கோர் வேகத்தை 5 சதவீதம் குறைத்தாலும் ஏற்றுமதி நேரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. முக்கால்வாசியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட, இரண்டு நிமிடம் தாமதமாக முடிவது எவ்வளவோ மேல்.

இதில் சரியாகாதவை

கம்ப்யூட்டர் திறக்கும் முதல் திரையிலேயே, விண்டோஸ் வருவதற்கு முன்பே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் அது வன்பொருள் பழுது. எந்த அளவை மாற்றினாலும் போகாது. கார்டை ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எழுந்தாலும் அது சில நாள் ஆட்டம்தான். நச்சுப் புகையும் வரும், செய்யாதீர்கள். லேப்டாப்புகள் பலவற்றில் வோல்டேஜ் அமைப்பை நிறுவனமே பூட்டி வைத்திருக்கும். அங்கே பிரேம் வரம்பும் சுத்தம் செய்வதும்தான் கைவசம் உள்ள வழிகள்.

மின்கட்டணத்தில் பெரிய மிச்சத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். 40 வாட் குறைத்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் 60 நாளில் 12 யூனிட் மிச்சமாகும். கூடவே சூடு குறைந்த அறையும், இரைச்சல் குறைந்த ஃபேனும், நடுவில் விழாத வேலையும் கிடைக்கும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: முதலில் தூசி, அப்புறம் பேஸ்ட், பிறகு பிரேம் வரம்பு, பவர் லிமிட், கடைசியாக வோல்டேஜ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள். இத்தனையும் செய்த பிறகும் கார்டு விழுந்தால், அப்போது புதுக் கார்டுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அதற்கு முன்னால் புதுக் கார்டுக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.